உண்டியல் காசு: போடுவது எளிது, மாற்றுவதில்தான் கணக்கு

2022இல் சேலம் வட்டாரத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. மார்ச் மாதம் ஓர் இளைஞர் 2.6 லட்சம் ரூபாயையும் ஒரு ரூபாய் நாணயங்களாகவே கொண்டுபோய்க் கொட்டி பைக் வாங்கினார். ஷோரூம் ஊழியர்கள் எண்ணி முடிக்க ஏறத்தாழ 10 மணி நேரம் ஆனது. ஜூனில் தருமபுரி மாவட்டம் அரூரைச் சேர்ந்த ஒருவர் 6 லட்சம் ரூபாயை 10 ரூபாய் நாணயங்களாகக் கொடுத்துக் கார் வாங்கினார். கடைகளில் 10 ரூபாய் நாணயத்தை யாரும் வாங்குவதில்லை, அது செல்லும் என்று காட்டவே இப்படிச் செய்தேன் என்றார்.

இந்த மாதிரிச் செய்தியைப் படித்ததும் பல வீடுகளில் ஓர் உண்டியல் புதிதாக முளைக்கும். சில மாதம் கழித்து அதே வீட்டில் வேறு கேள்விகள் எழும். இந்தக் காசை யார் வாங்குவார்கள்? வங்கி மறுத்தால் என்ன செய்வது? 50 பைசா இன்னும் செல்லுமா? எடை போட்டால் எவ்வளவு என்று தெரியுமா?

பைக் வாங்கியவர் உண்டியலில் மிஞ்சிய சில்லறையைப் போட்டுச் சேர்க்கவில்லை. கையிலிருந்த நோட்டுகளைக் கோயில், ஓட்டல், டீக்கடை என்று கொடுத்துக் காசாக மாற்றியே சேர்த்தார். சாதாரணக் குடும்பத்தின் உண்டியலுக்கு அவரை உதாரணம் காட்டுவது பொருந்தாது. வீட்டுச் சில்லறைச் சேமிப்பில் காசு உள்ளே போவதற்கு யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. திரும்ப வெளியே வரும் வழியை முன்கூட்டி யோசிக்காததால்தான் பாதி உண்டியல்கள் அலமாரியில் தூங்குகின்றன.

எந்தக் காசு செல்லும், எது செல்லாது

இன்று சட்டப்படி செல்லும் நாணயங்கள் ஆறு மதிப்புகளில் உள்ளன: 50 பைசா, 1, 2, 5, 10, 20 ரூபாய். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாதவை ஆயின. பாட்டி வீட்டுப் பெட்டியில் கிடைக்கும் நாலணாக் காசை எந்த வங்கியும் இனி மாற்றித் தராது.

50 பைசா செல்லும். கடைக்காரர் சிரிப்பார், பேருந்தில் முறைப்பார்கள், ஆனாலும் சட்டம் அதை நீக்கவில்லை.

10 ரூபாய் நாணயம் பற்றிய வதந்திக்குத் தமிழகத்தில் நீண்ட ஆயுள். ஒரே மதிப்புக்குப் பல வடிவங்கள் புழக்கத்தில் இருப்பதுதான் அதன் மூலகாரணம். ரூபாய்க் குறியீடு 2010 ஜூலையில் ஏற்கப்பட்டு 2011இலிருந்து நாணயங்களில் வந்தது. அதற்கு முந்தைய காசுகளில் குறியீடு இல்லை. 10 என்ற எண்ணுக்கு மேலுள்ள கதிர்க் கோடுகள் சிலவற்றில் 15, சிலவற்றில் 10. இதைப் பார்த்துத்தான் ‘15 கோடு போட்டது கள்ளக் காசு’ என்ற கதை கிளம்பியது. 2018 ஜனவரி 17இல் ரிசர்வ் வங்கி, அதுவரை 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வெளியானதாகவும் எல்லாமே செல்லும் என்றும் அறிவித்தது. விளக்கம் கேட்க 14440 என்ற இலவச எண்ணையும் கொடுத்தது. கடைக்காரரிடம் வாக்குவாதம் செய்வதைவிட அந்த எண்ணை அவர் கைபேசியிலிருந்தே அழைக்கச் சொல்வது வேலைக்கு ஆகும்.

செல்லாமல் போகக்கூடிய இன்னொரு வகையும் உண்டு. துளையிட்டது, தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, அரம் போட்டுத் தேய்த்தது. உருவம் சிதைக்கப்படாமலும் குறிப்பிட்ட அளவுக்குமேல் எடை குறையாமலும் இருந்தால்தான் நாணயம் செல்லும் என்று 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டமே நிபந்தனை வைக்கிறது. தாயத்தில் கோத்த காசை உண்டியலில் போட்டால் அது கணக்கில் வராது.

ஆயிரம் ரூபாய் வரம்பு என்பது எது

அதே சட்டத்தின் 6ஆவது பிரிவுதான் பலரையும் குழப்புவது. ஒரு ரூபாயும் அதற்கு மேலுமுள்ள நாணயங்கள் மொத்தம் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் சட்டப்படி செல்லும். 50 பைசாவுக்கு வரம்பு 10 ரூபாய்தான்.

இதன் பொருள்: 1,500 ரூபாய் மின்கட்டணத்தை முழுக்க நாணயமாகக் கொடுத்தால், எதிரில் இருப்பவர் ‘முடியாது’ என்று சொல்ல உரிமை உண்டு. வாங்கிக்கொண்டால் அது அவர் சம்மதம். பைக் ஷோரூம், கார் ஷோரூம் இரண்டும் சம்மதித்ததால்தான் அந்த விற்பனைகள் நடந்தன. ‘சட்டப்படி வாங்கியே ஆக வேண்டும்’ என்று மூட்டையோடு போய் நிற்பவர் சட்டத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்.

வங்கிக் கணக்கில் செலுத்துவதற்கு இந்த வரம்பு கிடையாது. வாடிக்கையாளர் எவ்வளவு நாணயத்தையும் கணக்கில் கட்டலாம் என்பதே ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. ஒருவருக்கொருவர் பணம் தீர்ப்பதற்கு ஒரு விதி, வங்கியில் போடுவதற்கு வேறு விதி. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் ‘வங்கியில் ஆயிரத்துக்கு மேல் காசு வாங்கமாட்டார்கள்’ என்ற தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது.

வீட்டில் நாணயம் சேர்ப்பதே குற்றமா என்றும் சிலர் பயப்படுகிறார்கள். 12ஆவது பிரிவு தடுப்பது வேறு: நாணயத்தை உருக்குவது, அழிப்பது, முகமதிப்புக்கு வேறான விலையில் விற்கவோ உருக்கவோ தேவைக்கு மிக அதிகமாகப் பதுக்குவது. தண்டனை 7 ஆண்டு வரை சிறை. செலவழிக்கவும் வங்கியில் போடவும் காசு சேர்க்கும் குடும்பத்துக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

எடைதான் முதல் எதிரி

காசைச் சேர்ப்பவர்கள் மதிப்பைப் பார்க்கிறார்கள், எடையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு நாணயமும் ஒரு கிலோவுக்கு எவ்வளவு ரூபாயைச் சுமக்கிறது என்று பார்த்தால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது தானாகத் தெரியும்.

- 1 ரூபாய், 2010 வரையிலான பெரியது: ஒன்று 4.85 கிராம். ஒரு கிலோ சுமார் 206 ரூபாய்.
- 1 ரூபாய், 2011 தொடர் (அந்த ஆண்டிலிருந்து வந்த வடிவம்): 3.79 கிராம். ஒரு கிலோ சுமார் 264 ரூபாய்.
- 1 ரூபாய், 2019 தொடர்: 3.09 கிராம். ஒரு கிலோ சுமார் 324 ரூபாய்.
- 2 ரூபாய், 2011 தொடர்: 4.85 கிராம். ஒரு கிலோ சுமார் 412 ரூபாய்.
- 2 ரூபாய், 2019 தொடர்: 4.07 கிராம். ஒரு கிலோ சுமார் 491 ரூபாய்.
- 5 ரூபாய், மஞ்சள் நிறம், 23 மில்லிமீட்டர்: 6 கிராம். ஒரு கிலோ சுமார் 833 ரூபாய்.
- 10 ரூபாய், இரு உலோகம்: 7.71 கிராம். ஒரு கிலோ சுமார் 1,297 ரூபாய்.
- 20 ரூபாய், 12 பக்கம்: 8.54 கிராம். ஒரு கிலோ சுமார் 2,342 ரூபாய்.

10,000 ரூபாயை 2011 தொடர் ஒரு ரூபாயாகச் சேர்த்தால் கிட்டத்தட்ட 38 கிலோ. 10 ரூபாயாகச் சேர்த்தால் 7.7 கிலோ. 20 ரூபாயாக என்றால் 4.3 கிலோகூட இல்லை, ஒரு துணிப்பையில் கொண்டுபோகலாம். சேலத்து பைக் காசு, தொடர்கள் எப்படிக் கலந்திருந்தன என்பதைப் பொறுத்து, 800 கிலோவுக்கு மேல் ஒரு டன்னையும் தாண்டியிருக்கலாம்.

ஒரு ரூபாய் மூன்று எடைகளில் இருப்பதும் கவனிக்க வேண்டியது. கலந்து கிடக்கும் ஒரு ரூபாய்க் காசுகளை எடைபோட்டு மதிப்பைச் சொன்னால், ஒரு கிலோவில் 206 ரூபாயும் இருக்கலாம், 324 ரூபாயும் இருக்கலாம். ‘எடைபோட்டால் தெரிந்துவிடும்’ என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இன்னொரு கண்ணி இதைவிட நுட்பமானது. பழைய பெரிய 1 ரூபாயும் 2011 தொடர் 2 ரூபாயும் ஒரே எடை, ஒரே அகலம்: 4.85 கிராம், 25 மில்லிமீட்டர். இரண்டும் துருப்பிடிக்காத எஃகு, இரண்டும் வெள்ளை. எண்ணைப் படிக்காமல் அளவை மட்டும் பார்த்துப் பிரித்தால் 2 ரூபாய் ஒரு ரூபாயாக எண்ணப்படும். நூறு காசுகள் கொண்ட கட்டில் பத்து இப்படிக் கலந்தால் கணக்கில் 10 ரூபாய் உதைக்கும். தராசு அதைக் காட்டிக்கொடுக்காது.

உண்டியலில் எதைப் போடுவது

‘கையில் இருக்கும் எல்லாச் சில்லறையும்’ என்ற விதிதான் பெரும்பாலும் தோற்கிறது. மாதக் கடைசியில் பால்காரருக்குக் கொடுக்க 3 ரூபாய் இல்லாமல் உண்டியலை ஆட்டி எடுப்பார்கள். ஒருமுறை ஆட்டிய உண்டியலை அப்புறம் தினமும் ஆட்டுவார்கள். இரண்டு மட்டங்களாகப் பிரிப்பது நல்லது.

1. 1, 2, 5 ரூபாய்கள் உண்டியலுக்குப் போக வேண்டாம். அவை வாசல் பக்கத்து டப்பாவில் அன்றாடச் செலவுக்கு இருக்கட்டும். அந்த டப்பாவுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாம், உதாரணமாக 200 ரூபாய். மீறினால் அந்த வாரம் காய்கறிக்கு அதிலிருந்தே கொடுத்துக் குறைத்துவிட வேண்டும்.

2. 10, 20 ரூபாய் நாணயங்கள் கைக்கு வந்தால் திரும்பச் செலவழிக்காமல் உண்டியலுக்குப் போகட்டும். பல கடைகளில் இவற்றை மறுப்பதால் செலவழிக்கும் ஆசையும் இயல்பாகவே குறைவு. ஊராரின் வதந்தி இந்த ஒரு விஷயத்தில் சேமிப்பவருக்கு உதவி செய்கிறது.

3. நேர்த்திக்கடனுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு தனி. அதை இந்தக் கணக்கில் சேர்த்தால் வீட்டில் பெரியவர்களோடு சண்டைதான் மிஞ்சும்.

தினமும் ஒரு 10 ரூபாய் நாணயம் விழுந்தால் ஆண்டுக்கு 3,650 ரூபாய், எடை 2.8 கிலோ. 20 ரூபாய் என்றால் 7,300 ரூபாய், 3.1 கிலோ. சில்லறைச் சேமிப்பிலிருந்து எதிர்பார்க்கக்கூடிய அளவு இதுதான். பள்ளிச் சீருடை, தீபாவளி இனிப்பு, வண்டி இன்சூரன்ஸ் போன்ற ஆண்டுக்கொரு செலவுக்கு இது சரியாக வரும். வீட்டுக்கு முன்பணம் சேர்க்க இது வழியல்ல.

யுபிஐ வந்த பிறகு கைக்கு வரும் சில்லறையே குறைந்துவிட்டது என்பது உண்மை. எல்லாவற்றையும் கைபேசியில் கட்டும் வீட்டில் மாதம் நாலைந்து நாணயம்கூடச் சேராது. அவர்களுக்கு இந்த முறையால் பயனில்லை, மாதம் ஒரு தொகையைத் தானாகப் பிடிக்கச் சொல்லி வங்கியில் உத்தரவு கொடுத்துவிடுவதே மேல். காசில் புழங்கும் குடும்பங்களுக்குத்தான் உண்டியல்: பூக்கட்டுபவர், ஆட்டோ ஓட்டுபவர், தள்ளுவண்டிக்காரர், பெட்டிக்கடை வைத்திருப்பவர், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சிறுவாடு சேர்க்கும் பெண்கள்.

பாத்திரம்

மண் உண்டியலுக்கு ஒரே பலம், உடைத்தால்தான் எடுக்க முடியும். கை நீளும் வீட்டில் அது பெரிய பலம். பலவீனம், எவ்வளவு சேர்ந்தது என்று தெரியாது, நடுவில் கணக்குப் பார்க்க முடியாது. உடைத்த பின் மண்தூள் படிந்த காசைக் கழுவ வேண்டும்.

பூட்டுள்ள தகரப் பெட்டி, சாவி வேறொருவரிடம் என்றால் இரண்டு வசதியும் கிடைக்கும். கண்ணாடி ஜாடி அழகாக இருக்கும், ஆனால் காசு நிறைந்த ஜாடியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் அடிப்பாகம் கழன்று காலில் விழும். ஒரு லிட்டர் கொள்ளளவில் நாணயம் நிறைந்தால் அதுவே ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ. ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் நிறைத்தால் 20 கிலோவைத் தாண்டும், பிடி அறுந்துவிடும். சிறிய பெட்டியாக வைத்து அடிக்கடி காலி செய்வதே சரி. மேல் அலமாரியில் வைக்காமல் தரையோரமாக வைக்க வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் தரையோரம் கூடாது. 20 மில்லிமீட்டரே அகலமுள்ள புதிய ஒரு ரூபாய் எளிதில் தொண்டைக்குள் போகும்.

ஈரமும் எண்ணெயும் ஆகாது. மீன்கடைக் காசு, எண்ணெய்ப் பலகாரக் கடைக் காசு, குங்குமம் ஒட்டிய காசு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பித்தளை நிற 5 ரூபாய் கறுக்கும். மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, துணியில் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே பையில் போட வேண்டும். புளி, எலுமிச்சை, அமிலம் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. மதிப்பு கூடாது, மேற்பரப்பு அரிக்கப்படுவதுதான் மிச்சம்.

பிரிப்பதும் எண்ணுவதும்

சில ஆயிரம் ரூபாய்க் காசுக்குப் பெரிய தட்டு ஒன்று, ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு, ஒரு காந்தம், பிளாஸ்டிக் உறைகள், மார்க்கர் பேனா போதும்.

1. முதலில் மதிப்பைப் பார்த்துப் பிரியுங்கள், அளவைப் பார்த்தல்ல. எண்ணைப் படித்துப் போட வேண்டும்.

2. காந்தத்தை மேலே கொண்டுபோனால் எஃகுக் காசுகள் ஒட்டிக்கொண்டு வரும். 1 ரூபாயும் புதிய 2 ரூபாயும் பெரும்பாலும் வந்துவிடும். மஞ்சள் 5 ரூபாய் வராது. இரண்டு விதிவிலக்குகள்: 2004 வரையிலான, 11 பக்கமுள்ள பழைய 2 ரூபாய் செம்பு-நிக்கல் கலவை என்பதால் ஒட்டாது. 2007, 2008 வாக்கில் வந்த எஃகு 5 ரூபாய் ஒட்டும். ஆக, காந்தத்தை முதல் சலிப்புக்கு மட்டும் நம்பலாம்.

3. ஒரே மதிப்புக்குள் தொடர்வாரியாகப் பிரியுங்கள். ஒரு ரூபாயில் மூன்று குவியல், 2 ரூபாயில் மூன்று அல்லது நான்கு, 5 ரூபாயில் பழைய கனமான 9 கிராம் காசு, 6 கிராம் மஞ்சள், 2019க்குப் பிந்தைய 25 மில்லிமீட்டர் மஞ்சள். 10 ரூபாயில் எடை வேறுபாடு மிகச் சிறியது, பிரிக்காமலே நிறுக்கலாம்.

4. ஒவ்வொரு குவியலிலும் கையால் 50 எண்ணி நிறுத்து அந்த எடையை எழுதிக்கொள்ளுங்கள். புத்தகத்து எடையைவிட இது நம்பகமானது. தேய்மானமும் தராசின் பிழையும் இதிலேயே அடங்கிவிடும். பிறகு அதன் இருமடங்குக்கு நிறுத்தால் 100. பத்து ரூபாய் என்றால் 771 கிராமை ஒட்டி வரும், 6 கிராம் ஐந்து ரூபாய் என்றால் 600.

5. நூறுகளாக உறையில் போட்டு, மேலே மதிப்பு, எண்ணிக்கை, தொகை மூன்றையும் எழுதுங்கள். ‘10 ரூ. × 100 = 1,000’ என்பதுபோல.

6. ஐந்து உறைக்கு ஒன்றைத் திரும்பக் கையால் எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் அந்தக் குவியலின் பிரிப்பில் தவறு இருக்கிறது, மொத்தக் குவியலையும் மறுபடி பார்க்க வேண்டும்.

வங்கிக் கவுன்டரில்

ரிசர்வ் வங்கி எல்லா வங்கிக் கிளைகளுக்கும் கொடுத்துள்ள அறிவுறுத்தல் தெளிவானது: நாணயங்களை மாற்றித் தரவோ கணக்கில் வரவு வைக்கவோ மறுக்கக் கூடாது. 1, 2 ரூபாய்களை எடைபோட்டு வாங்குவது விரும்பத்தக்கது என்றும், 100 காசுகள் கொண்ட பாலித்தீன் உறைகளாக வாங்கினால் காசாளருக்கும் வாடிக்கையாளருக்கும் வசதி என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. நூறுகளாகக் கட்டச் சொல்வதன் காரணம் இதுதான்.

மறுப்பு ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தகராறு குறையும். நோட்டு எண்ணும் இயந்திரம் ஒவ்வொரு கவுன்டரிலும் இருக்கிறது. நாணயம் எண்ணும் இயந்திரம் பெரும்பாலான கிளைகளில் இல்லை. வாங்கிய காசைக் கிளை மறுபடி வெளியே தள்ள வேண்டும், பெட்டகத்தில் அது இடத்தை அடைக்கும். காசாளர் ஒருவர், வரிசையில் முப்பது பேர். அந்த நேரத்தில் பிரிக்காத காசு மூட்டையை நீட்டினால் ‘நாளைக்கு வாங்க’ என்றுதான் பதில் வரும். மறுப்பு சரி என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் மாத முதல் வாரமும் ஓய்வூதிய நாட்களும் தவிர்த்து, மதியத்துக்கு மேல், பிரித்துக் கட்டிய உறைகளோடு, ஒருமுறைக்கு இரண்டு மூன்று ஆயிரம் ரூபாய் என்று போனால் வேலை நடக்கும். நாணயம் எண்ணக் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டணமும் இலவச அளவும் வங்கிக்கு வங்கி வேறு.

அப்படியும் மறுத்தால்: கிளை மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். உதவி எண் 14448. ஒப்புகை இல்லாத புகாருக்கு வலு கிடையாது.

நாட்டின் ஒரு பக்கம் வங்கிகள் காசு குவிந்து திணற, இன்னொரு பக்கம் கடைகள் சில்லறைக்கு அலைவது பழைய முரண்பாடு. 2023 பிப்ரவரியில், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கணக்கிலிருந்து பணம் கழித்துக் காசு எடுக்கும் இயந்திரங்களை 12 நகரங்களில் சோதனையாக வைக்கப்போவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. அது காசு கொடுக்கும் இயந்திரம், வாங்கும் இயந்திரமல்ல. உண்டியல் வைத்திருப்பவருக்கு அதனால் விடிவு இல்லை.

வங்கிக்குப் போகாமலே மாற்றும் வழி

இருப்பதிலேயே சிரமம் குறைந்த வழி காசைச் செலவழித்துவிடுவது. முரணாகத் தோன்றினாலும் கணக்கு சரியாகவே வரும்.

உண்டியலிலிருந்து வாரம் 200 ரூபாய்க் காசை எடுத்துப் பால், காய்கறி, பேருந்து, டீ என்று கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செலவு எப்படியும் கணக்கிலிருந்தோ நோட்டிலிருந்தோ போயிருக்கும். அன்றைக்கே அதே 200 ரூபாயைக் கணக்கிலிருந்து தொடர்வைப்புக்கு (ஆர்.டி.) மாற்றிவிடுங்கள். காசு ஊருக்குள் திரும்பிப் போய்விட்டது, சேமிப்பு வங்கியில் உட்கார்ந்துவிட்டது. இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும். மாற்றுவதை ‘அப்புறம்’ என்று தள்ளிவிட்டால் அது சேமிப்பைத் தின்ற கணக்காகிவிடும், இந்த முறை கெடுவதெல்லாம் இந்த இடத்தில்தான்.

தெருமுனைப் பெட்டிக்கடை, டீக்கடை, பூக்கடைக்காரர்களுக்குச் சில்லறை எப்போதும் தேவை. நூறு காசு கொண்ட உறையை எண்ணிக் காட்டி நோட்டாக மாற்றிக்கொள்ளலாம். 5 ரூபாய் உறைக்கு உடனே ஆள் கிடைக்கும், 10 ரூபாய் உறைக்கு உங்கள் ஊரைப் பொறுத்து. சில்லறைக்குக் கமிஷன் கொடுத்தும் வாங்குகிறார்கள் என்று ஆசைப்பட வேண்டாம். முகமதிப்புக்கு மேல் காசை விற்பது 12ஆவது பிரிவு தடுக்கும் விஷயத்தோடு உரசும்.

சும்மா இருக்கும் காசின் விலை

உண்டியலில் வட்டி இல்லை. இதனால் எவ்வளவு நட்டம்? ஆண்டு முழுக்கத் தினம் 10 ரூபாய் போட்டால் சராசரி இருப்பு சுமார் 1,825 ரூபாய். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் 4 சதவீதத்தில் வைத்தால் கிடைத்திருக்கும் வட்டி 73 ரூபாய். ஓர் ஆண்டுக்கு இது பெரிய இழப்பில்லை. கைக்கு எட்டாமல் காசை வைப்பதற்குக் கொடுக்கும் கூலி என்று எடுத்துக்கொள்ளலாம்.

பல ஆண்டு என்றால் கதை வேறு. அஞ்சலக ஐந்தாண்டுத் தொடர்வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், அதற்குமேல் பத்தின் மடங்குகளில். 2023 அக்டோபரிலிருந்து அதன் வட்டி 6.7 சதவீதம், காலாண்டுக்கொருமுறை கூட்டுவட்டி. மாதம் 100 வீதம் 60 மாதம் கட்டினால் போட்டது 6,000, கிடைப்பது 7,136 ரூபாய்க்கு மேல். மாதம் 300 என்றால், அதாவது தினம் ஒரு 10 ரூபாய் நாணயம் என்றால், 18,000 போட்டு 21,400 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். தவணை தவறினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். அதே 18,000 உண்டியலிலேயே கிடந்தால் 18,000தான், விலைவாசியோ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உண்டியலைக் காலி செய்வது இதனால்தான்.

சில செயலிகள் ஒவ்வொரு செலவையும் அடுத்த பத்துக்கு முழுமையாக்கி, மிச்சச் சில்லறையை டிஜிட்டல் தங்கத்தில் போடுகின்றன. கைபேசிக்குள் இருக்கும் உண்டியல் என்று விளம்பரம். வாங்கும்போது 3 சதவீத ஜிஎஸ்டி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி என்று முதல் நாளே மதிப்பில் ஒரு பகுதி போய்விடும். டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பில் வராது என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி எச்சரித்திருக்கிறது. மண் உண்டியல் வட்டி தராது, ஆனால் போட்டதில் பிடித்தமும் செய்யாது.

உண்டியலுக்குள் புதையல் இருக்கிறதா

காசைப் பிரித்து உட்காரும்போது யாராவது ஒருவர் கைபேசியைக் காட்டுவார்: ‘வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய்க்குப் பத்து லட்சமாம்.’ அந்த நாணயம் 2012ஆம் ஆண்டு, வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி 5, 10 ரூபாய்களில் புழக்கத்துக்கு விடப்பட்டது. அரியதும் அல்ல, லட்சங்களுக்கு விலைபோவதும் அல்ல.

மோசடி எப்போதும் ஒரே வரிசையில் நடக்கிறது. விளம்பரத்தைப் பார்த்துப் படம் அனுப்புவீர்கள். ‘எடுத்துக்கொள்கிறோம்’ என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்பதில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. நாணயத்தை விற்க முன்பணம் கேட்கும் எவருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டிருந்தால் இணையக் குற்றப் புகார் எண் 1930ஐ உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க அந்த முதல் சில மணி நேரத்தில்தான் வாய்ப்பு அதிகம்.